காக்கைக்கு ஒரு பக்கம், குருவிக்கு ஒரு பக்கம்

வணக்கம். இன்றைக்குக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு மூன்றாம் கட்டில், அதாவது முகப்பில் இருந்து மூன்றாவது பகுதியில், நின்று பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் தவிட்டுக்குருவிகள். ஏழெட்டு சேர்ந்து வேப்பஞ்சருகைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பூச்சி போதும், நாம் வைக்கிற தீனிக்கு அதிகம் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுக்குருவிக்கென்று தினை வைக்கிறோம். புறா வந்து இறங்குகிறது, மைனா வருகிறது, அணில் தட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. குருவி மட்டும் ஓட்டு விளிம்பில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் இப்படித்தான் நடந்தது. தீனியைக் கூட்டி வைத்தேன். புறாதான் கூடியது.

அப்போதுதான் அப்பத்தா காலத்துப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. அறுப்பு முடிந்ததும் முற்றிய நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி முகப்பில் தொங்கவிடுவார்கள். குருவி 30 கிராம்கூடத் தேறாது. கதிரைப் பற்றிக்கொண்டு தலைகீழாகக்கூடத் தின்னும். 300 கிராம் இருக்கிற மாடப்புறா அதில் எங்கே காலை வைக்கும்? உட்கார ஒரு தட்டையான இடம் இல்லையென்றால் அது திண்டாடிவிடும். தட்டு வைத்ததுதான் என் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

இதோ, கேமராவைத் திருப்புகிறேன். இதுதான் இப்போது இருக்கிற கூண்டு. நடுவில் தீனிக்குழாய், சுற்றிலும் கம்பி வலை. வலையின் கண் ஒன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். குருவியும் சில்லை என்கிற சின்னப் பறவையும் சுலபமாக நுழைந்துவிடும். மைனாவும் புறாவும் காக்கையும் நுழைய முடியாது. வலைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன், கவனியுங்கள். முதலில் மூன்று விரல் அகலம்தான் விட்டேன். காக்கை வெளியில் இருந்தே அலகை நீட்டிக் குழாயை ஆட்டித் தினையைக் கொட்டியது. காக்கையின் புத்தியைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

அப்புறம் அணில். நம் வீட்டு மூன்று வரி அணில் சின்ன உடம்பு. குருவி போகிற கண்ணில் அதுவும் புகுந்துவிடும். வலையால் அதைத் தடுக்க முடியாது, வழியில்தான் தடுக்க வேண்டும். இந்தச் சுவரைப் பாருங்கள், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு. கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே இருந்து ஏறினால் அணிலின் நகம் இதில் பிடிக்கவில்லை, நானே பார்த்தேன். சரி, வென்றுவிட்டோம் என்று இருந்தேன். மறுநாள் ஓட்டு வழியாக வந்து, கயிற்றில் இறங்கி, கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

இப்போது கயிற்றுக்குப் பதில் கம்பி. கம்பியின் நடுவில் பழைய அலுமினியச் சட்டி ஒன்றைத் துளைபோட்டுக் கவிழ்த்திருக்கிறேன். சட்டி இறுக்கமாக நிற்கக் கூடாது, தொட்டால் சாய வேண்டும். அணில் மேலே கால் வைத்ததும் ஒரு பக்கம் சாயும், அது பயந்து திரும்பிவிடும். கூண்டைக் கம்பத்தில் நிறுத்துகிறவர்கள் இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு தகரக் கூம்பை மாட்டுங்கள், அகன்ற வாய் கீழே பார்க்க வேண்டும். பக்கத்தில் கொய்யா மரமோ சுவரோ இருந்தால் கூம்பால் பயனில்லை, அது தாவிவிடும். எட்டுப் பத்து அடியாவது தள்ளி வையுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் ஃபீடர் ஒன்று இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அணில் பாதி, பச்சைக்கிளி பாதி கடித்து முடித்தன. உலோகம் அல்லது மண், இரண்டில் ஒன்றுதான் நிற்கும்.

தினையில் மிளகாய்த்தூள் கலந்தால் அணில் வராது என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும். பறவைகளின் நரம்பு அந்தக் காரத்தை எரிச்சலாக உணர்வதில்லை. கிளி மிளகாய்ப்பழத்தைக் கொத்தித் தின்கிறதே, அதனால்தான். மிளகாய்க்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்: நான் கலப்பதில்லை. தூள் காற்றில் பறந்து அணிலின் கண்ணில் விழும், நம் வீட்டுக் குழந்தையின் கண்ணிலும் விழும். கம்பத்தில் கிரீஸ் தடவுவது அதைவிட மோசம். இறகிலும் ரோமத்திலும் ஒட்டினால் அந்த உயிரால் அதை எடுக்கவே முடியாது. தயவுசெய்து வேண்டாம். ராமேசுவரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், முதுகில் மூன்று கோடு எப்படி வந்தது என்று சின்ன வயதில் கதை கேட்டு வளர்ந்தோம். அணிலுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். அதோ அந்தக் கிணற்றடியில் உப்பில்லாத வேர்க்கடலை நாலும் பழுத்த கொய்யா ஒன்றும் தினமும் வைக்கிறேன். அது அங்கே போகப் பழகிவிட்டது.

காக்கைக்கும் அப்படித்தான். சோறு வைப்பது நம் வழக்கம், அதை நிறுத்த மாட்டோம். ஆனால் குருவிக்கூண்டுக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் எப்படி? நான் முகப்புப் பக்கம் மொட்டைமாடியில் வைக்கிறேன், காலையிலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலும். காக்கைக் கூட்டம் அங்கே கூடின பத்து நிமிஷம் கழித்து இங்கே தினை. நடுவில் முழு வீடு இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் நீளம் இதற்கு மிகவும் உதவுகிறது.

மயிலுக்கு மட்டும் இன்னும் நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. கீழே சிந்துகிற தினைக்குத்தான் வருகிறது. அதனால் ஒரு கைப்பிடிதான் வைக்கிறேன், ஒரு மணி நேரத்தில் தீர்கிற அளவு. அடியில் சுளகு ஒன்றைத் தொங்கவிட்டு, சிந்தியதைப் பொழுது சாய்வதற்குள் அள்ளிவிடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் சாரைப்பாம்பும் நல்லபாம்பும் வரும். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மயிலை விரட்ட அரிசியில் மருந்து கலக்கிறவர்களைப் பற்றிக் கேட்டால் வயிறு எரிகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வெடி போட்டு விரட்டுவதும் வேண்டாம். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

வல்லூறு வரும். வேப்பமரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அதுவும் சாப்பிட வேண்டும். குருவி ஓடி ஒளிய பக்கத்தில் அடர்ந்த மருதாணிச் செடி வைத்திருக்கிறேன். பூனை பதுங்காதபடி அடிக்கிளையை மட்டும் கழித்துவிடுங்கள்.

கழுவுவதை மறக்காதீர்கள். பறவைகள் நெருங்கித் தின்கிற இடத்தில் எச்சம் வழியாக நோய் பரவும். வாரம் ஒரு முறை வெந்நீரில் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுகிறேன். தண்ணீர்ச் சட்டியில் தினமும் புதுத் தண்ணீர், இல்லையென்றால் கொசுதான் வளரும்.

இன்னொன்று. கூடு கட்டுகிற பெட்டி வைத்திருந்தால் தீனியை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். தீனிக்கு வருகிற காக்கையும் அணிலும் முட்டையையும் கண்டுபிடித்துவிடும். பெட்டியின் ஓட்டை 32 மில்லிமீட்டர் போதும், குருவி போகும், மைனா போகாது. எங்கள் பெட்டி அதோ, இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில், உத்திரத்துக்குக் கீழே. இன்று காலையில் இருந்து உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்கிறது. தாய்க்குருவி வாயில் புழுவோடு கம்பியில் காத்திருக்கிறது. நான் இங்கே நிற்பதால்தான் உள்ளே போகாமல் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு நகர்கிறேன்.