நைனாவின் நோட்டும் பெயரில்லாத கடிதமும்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டு அரசுகள் மறைந்திருந்து பரப்பும் பிரசாரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கேட்டவுடன் எனக்கு ராயபுரத்தில் எங்கள் வீட்டு ரேடியோதான் நினைவுக்கு வந்தது.

நைனா, அதாவது என் அப்பா, ஹார்பரில் கிரேன் ஓட்டினார். பகல் ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு நேராக ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஷார்ட்வேவில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இரைச்சலுக்கு நடுவே மாஸ்கோ தமிழில் பேசும், இன்றைய பெய்ஜிங்கான பீக்கிங் தமிழில் பேசும், லண்டனிலிருந்து பிபிசியின் தமிழோசை வரும். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், யார் சொன்னது, என்ன சொன்னார்கள் என்று நாலு கட்டம் போட்டு எழுதி வைப்பார். 1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அன்றைக்கு அந்த நோட்டில் அடுத்தடுத்து இரண்டு வரிகள். மாஸ்கோ: கூப்பிட்டார்கள், உதவிக்குப் போனோம். லண்டன்: படையெடுப்பு. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான், எது நிஜம் நைனா என்று கேட்டேன். "யார் சொல்றாங்கன்னு முதல்ல எழுதிக்கோ, அப்புறம் யோசிக்கலாம்" என்றார்.

மாஸ்கோ செய்தது பிரசாரம்தான். ஆனால் பேரைச் சொல்லிவிட்டுச் செய்தது. பீக்கிங்கும் அப்படித்தான். ஒரு அரசு தன் தரப்பை வெளிப்படையாக எடுத்துச் சொல்வதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கேட்கிறவனுக்கு அது யார் குரல் என்று தெரியும். தன் பெயரை மறைத்துக்கொண்டு, நம் தெருக்காரர் மாதிரி, நம் பத்திரிகை மாதிரி வந்து பேசும்போதுதான் அது மோசடியாகிறது. இன்றைய பேச்சு அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். அது இணையத்தோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு பெரிய பொய், நம் நாட்டுப் பத்திரிகை ஒன்றில்தான் முதலில் அச்சானது.

1983 ஜூலையில், டெல்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியாட்' என்ற ஆங்கில நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. பிரபல அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் நோயை அமெரிக்க ராணுவம்தான் தன் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது, அடுத்து அது இந்தியாவுக்குள்ளும் வரலாம் என்பது கடிதத்தின் சாரம். அப்புறம் இரண்டு வருஷம் பெரிதாகச் சத்தம் இல்லை. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் வாரப் பத்திரிகை ஒன்று அதே கதையை எடுத்தது. ஆதாரம் என்று அது காட்டியது எதை? இந்தியப் பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று 'பேட்ரியாட்'டைக் காட்டியது! பிறகு கிழக்கு ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அதற்கு விஞ்ஞானப் பூச்சு பூசினார். 1987க்குள் 80க்கும் மேற்பட்ட நாடுகளில், 30க்கும் மேற்பட்ட மொழிகளில் அது போய்ச் சேர்ந்துவிட்டது. சோவியத் உளவுத்துறையான கேஜிபிதான் இதைச் செய்தது என்று 1992இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவர் பிரிமகோவே ஒப்புக்கொண்டார்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. இந்தியாவின் பெயரைச் சாட்சிக்கு வைத்து அந்தப் பொய் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே 1986இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்கு அனுப்பிச் சோதித்து, எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவி கிருமி இந்தியாவில் இருக்கிறது என்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற கட்டடம் அது. உலகம் காது கொடுத்திருக்க வேண்டியது அந்த வேலைக்கு. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கேள்வி கேட்கப்பட்ட கறுப்பின மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் எச்ஐவி மனிதன் உருவாக்கியது என்றார்கள். அந்த மக்கள் மருத்துவத் துறையின் கையில் பட்ட பழைய கொடுமைகளும் அதற்குக் காரணம். புண் இருக்கிற இடம் பார்த்துத்தான் இந்த மாதிரிப் பொய்யை வைப்பார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம்.

2022 செப்டம்பரில், பெல்ஜியத்தில் இயங்கும் இயூ டிஸ்இன்ஃபோ லேப் என்ற அமைப்பு ஒரு மோசடியை வெளிக்கொண்டு வந்தது. அதற்கு 'டோப்பல்கேங்கர்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் அச்சு அசலாக இன்னொருவரைப் போல இருப்பவர் என்று அர்த்தம். ஜெர்மனியின் ஷ்பீகல், பிரிட்டனின் கார்டியன் போன்ற பத்திரிகைகளின் இணையதளங்களை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். அதே எழுத்து, அதே சின்னம். அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற இணைப்புகளை அழுத்தினால் உண்மையான பத்திரிகைக்கே போகும். அந்த ஒரே ஒரு கட்டுரை மட்டும் போலி. உக்ரைனுக்கு உதவினால் உங்கள் வீட்டுக் கேஸ் பில்லும் கரண்ட் பில்லும் ஏறும் என்கிற பாணியில் இருக்கும். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முகவரியின் வாலைப் பார்த்தார்கள். ஷ்பீகலின் முகவரி 'டாட் டிஇ' என்று முடியும், போலி 'டாட் எல்டிடி' என்று முடிந்தது. அந்த முகவரிகளை எப்போது வாங்கினார்கள், எந்த சர்வரில் வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நீதித்துறை இப்படிப்பட்ட 32 முகவரிகளைக் கைப்பற்றி, பின்னால் இருந்தது ரஷ்ய அரசின் வழிகாட்டுதல் என்று சொன்னது.

பாரிஸில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 2023 அக்டோபர் கடைசி. காஸா போர் தொடங்கி மூன்று வாரம். நகரத்துச் சுவர்களில் நீல நிறத்தில் யூதர்களின் நட்சத்திரங்கள். ஹிட்லர் காலத்தை அனுபவித்த நாட்டில் அது எப்படிப்பட்ட பயத்தைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை. நாடே ஒருவரை ஒருவர் சந்தேகித்தது. பிரான்ஸில் 2021இல் தொடங்கிய விஜினும் என்ற அரசு அமைப்பு, அந்த நட்சத்திரங்களின் படங்கள் சமூக ஊடகத்தில் எந்த நேரத்தில் யார் கணக்கில் முதலில் வந்தன என்று தேடியது. 1,095 தானியங்கிக் கணக்குகள், 2,589 பதிவுகள். எல்லாம் டோப்பல்கேங்கர் கூட்டத்தோடு சேர்ந்தவை. அவை புதிய படங்களை 28ஆம் தேதி மாலையே போட்டிருந்தன. பொதுவெளியில் மற்றவர்களிடம் அந்தப் படங்கள் தென்பட்டதோ 30ஆம் தேதிதான். சுவரில் வரைந்த கையும் படத்தைப் பரப்பிய கையும் ஒன்றையொன்று அறிந்தவை என்பதை அந்த இரண்டு நாள் இடைவெளி காட்டிக்கொடுத்தது.

நட்சத்திரம் சுவரில் இருந்தது நிஜம். படமும் நிஜம். அதனால் இது உண்மையா பொய்யா என்ற கேள்வியோடு நின்றிருந்தால் ஒன்றும் அகப்பட்டிருக்காது. யார் முதலில் போட்டது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் போட்டார்கள், அந்தக் கணக்குகள் நேற்று வரைக்கும் என்ன பேசிக்கொண்டிருந்தன என்று பார்த்ததால்தான் பிடிபட்டது. நைனாவின் நோட்டில் இருந்த அதே கட்டங்கள்தான்.

இந்தக் கட்டங்களை நமக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் அதே பெல்ஜிய அமைப்பு, இந்தியாவின் நலனுக்காக 750க்கும் மேற்பட்ட போலிச் செய்தித் தளங்கள் பல வருஷமாக இயங்கின என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியா பொய்ப் பிரசாரம் செய்வதில்லை என்று நம் வெளியுறவுத்துறை மறுத்தது. ரஷ்யாவைப் பற்றிய அறிக்கையைப் படிக்கும் அதே கண்ணோடு இதையும் படிப்பதுதான் நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே, இந்த வடசென்னையில் இருந்துகொண்டு சொல்லியாக வேண்டும். சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் வலை வீசுகிற எண்ணூர்க்காரர் போராட்டமென்று தெருவில் உட்கார்ந்தால், இதன் பின்னால் வெளிநாட்டுக் கை இருக்கிறது என்று சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள். 2012இல் கூடங்குளம் மக்களின் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் பெறும் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமரே பேசினார். பிரான்ஸில் கணக்கு எண்ணிக்கையும் தேதியும் முன்னால் வைத்துவிட்டுத்தான் குற்றம் சொன்னார்கள். அப்படி எதையும் வைக்காமல் ஜனங்களின் வாயை அடைக்க 'அந்நிய சதி' என்ற சொல்லை எடுப்பவர்கள், உண்மையான சதி வரும்போது யாரும் நம்பாதபடி செய்துவிடுகிறார்கள்.

உள்ளூர்ப் பொய்யும் இதே வழியில்தான் நடக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. அதில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரு தரப்பாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று காவல்துறை விளக்கியது. அந்த வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் டீக்கடைக்குக்கூட வரவில்லை. மேஸ்திரிதான் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு போனார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அவர்களுக்கும் நாலு கட்டம் போட்ட நோட்டுதான். போன மாதம் ஒரு பெண் ஒரு குரல் பதிவைக் கொண்டுவந்தாள். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். ஹார்பர் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், இன்றிரவு கடல் ஏறும் என்று ஒரு ஆண் குரல். அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லையாம். அம்மாவுக்கு யார் அனுப்பியது என்று கேட்டாள். அத்தை. அத்தைக்கு, வலை பின்னுகிறவர்கள் குரூப்பிலிருந்து. அந்தக் குரூப்பில் போட்டவர் தன் மச்சானிடமிருந்து வந்தது என்றார். மச்சானின் போனில் அதே குரல் இரண்டு வருஷத்துக்கு முந்தின தேதியில் இருந்தது. அவருக்கு அனுப்பிய நம்பர் இப்போது புழக்கத்தில் இல்லை. அவள் மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் "தேடுகிறேன்" என்று எழுதிவைத்திருக்கிறாள்.