ஹிப்போகேம்பஸ் நன்றாக இருக்கிறதே, அப்புறம் எப்படி அல்சைமர்?

[திரையில்: இரண்டு எம்.ஆர்.ஐ. படங்கள், அருகருகே]

இந்த இரண்டு படங்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இடது பக்கம் இருப்பவருக்குக் காலையில் பேசியது மாலையில் நினைவில் இல்லை. வலது பக்கம் இருப்பவருக்கு நினைவு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் மேசைமேல் கண்ணெதிரே கிடக்கும் சாவி அவர் கண்ணில் படுவதில்லை. படிக்கும்போது வரி தவறிப் போகிறது. இருவருக்கும் வந்திருப்பது ஒரே நோய், அல்சைமர்.

[திரையில்: மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் மட்டும் ஒளிர்கிறது]

முதலில் வழக்கமான வகை. இரண்டு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை போல வளைந்த சிறு பகுதிதான் ஹிப்போகேம்பஸ். புது நினைவுகள் பதிய அது வேண்டும். நோய் அங்கே பிடித்தால் அது சுருங்கும். சுற்றியிருக்கும் நீர் நிறைந்த இடைவெளி அகன்று, படத்தில் கருப்பாகத் தெரியும். இந்தச் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை 1992 முதல் இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது? ஹிப்போகேம்பஸ் இயல்பாக இருக்கிறது என்று அறிக்கை வந்ததும், "அப்பாடா, அல்சைமர் இல்லை" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவதில்தான். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், அல்சைமரால் பாதிக்கப்பட்டு இறந்த 889 பேரின் மூளைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 75 சதவீதம் வழக்கமான வகை. 14 சதவீதத்தில் ஹிப்போகேம்பஸ் பக்கம் பாதிப்பு மிக அதிகம், மூளையின் மேற்பரப்பில் குறைவு. மீதி 11 சதவீதத்தில் நேர்மாறாக, மேற்பரப்பு கடுமையாகக் கெட்டிருந்தது, ஹிப்போகேம்பஸ் ஓரளவு தப்பியிருந்தது. இவர்களுக்கு நோய் இளம் வயதிலேயே தொடங்கியிருந்தது. மறதியைத் தவிர வேறு தொல்லையோடு வந்தவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். சரியான பதில் கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைபவர்கள் இவர்கள்தான் என்பது எனக்கு உண்மையிலேயே மனதை உறுத்தும் விஷயம்.

[திரையில்: பக்கவாட்டுத் தோற்றம், மூளையின் பின்பகுதி சிவப்பில்]

வலது பக்கப் படத்துக்கு வருவோம். மூளையின் பின்பகுதி சுருங்கும் வகை இது. 1988-ல் ஃபிராங்க் பென்சன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவரது குழுவினரும் இதை விவரித்தார்கள். எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டுக்கு வந்ததும் இதுவே. இவர்கள் பெரும்பாலும் முதலில் போவது கண் மருத்துவரிடம். கண்ணாடியை மாற்றிப் பார்ப்பார்கள், பயன் இருக்காது. கண் நன்றாகத்தான் இருக்கிறது, கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ளும் இடம்தான் தேய்கிறது. எம்.ஆர்.ஐ.யில் உச்சந்தலைக்குப் பின்னால் இருக்கும் மடிப்புகளைப் பாருங்கள். இடைவெளிகள் விரிந்து கிடக்கின்றன. இதற்கும் 0 முதல் 3 வரை தனி மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தால்தானே மதிப்பெண் போட முடியும்!

குளுக்கோஸ் பெட் ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறதோ, அது மங்கித் தெரியும். இவர்களுக்குப் பின்பக்கம் முழுக்க மங்கியிருக்கும்.

இன்னொரு வகையில் பேச்சு தடுமாறும். சொல் நாக்கு நுனியிலேயே நிற்கும், நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வராது. ஸ்கேனில் இடது பக்கம், காதுக்கு மேலும் பின்னும் உள்ள பகுதி, வலதைவிடத் தெளிவாகச் சுருங்கியிருக்கும். நடத்தை மாறும் வகையும் உண்டு. முன்மூளைதான் கெட்டிருக்கும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் பலருக்கு அதைவிடப் பக்கவாட்டிலும் பின்னாலும் பாதிப்பு கூடுதலாக இருக்கும்.

[திரையில்: மேலே அமிலாய்ட் படங்கள், கீழே டௌ படங்கள்]

சரி, ஒரே நோய் ஏன் இத்தனை வேஷம் போடுகிறது? இந்த இரண்டு வரிசைகளும் வழி காட்டுகின்றன. அல்சைமரில் இரண்டு புரதங்கள் சேர்கின்றன. மேல் வரிசையில் இருப்பது அமிலாய்ட். எந்த வகை ஆனாலும் படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே, மூளை முழுக்கப் பரவியே இருக்கும். அமிலாய்ட் சேர்ந்திருக்கிறதா என்று அது சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. கீழ் வரிசை டௌ. பார்வை குழம்பியவருக்குப் பின்னால், பேச்சு தடுமாறியவருக்கு இடது பக்கம், மறதிக்காரருக்கு ஹிப்போகேம்பஸ் பக்கம். தொல்லை எங்கேயோ, டௌ அங்கே.

2021-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் டௌ ஸ்கேன்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் நான்கு விதமான பரவல்கள் தெரிந்தன. ஹிப்போகேம்பஸ் பக்கம் தொடங்கும் பழைய பாடப்புத்தக வழி, அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கே பொருந்தியது.

டௌ ஸ்கேன் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் சாதாரண எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போதும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரிந்துரைச் சீட்டில் வெறுமனே "மறதி" என்று இருந்தால், உண்மையான தொல்லையையும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படிக்க முடியவில்லை, எதிரே இருப்பதை எடுக்க முடியவில்லை, சொல் வரவில்லை என்று அதில் இருந்தால், படம் பார்ப்பவர் ஹிப்போகேம்பஸோடு நிற்காமல் பின்பகுதிக்கும் இடது பக்கத்துக்கும் கண்ணை ஓட்டுவார்.