சோக் கேபிள் ஏன் சுட்டது? எங்கட மொறிஸ் மைனரின் ஏர்த் கதை

வணக்கம். பின்னாலே நிற்பது எங்கட வீட்டு மொறிஸ் மைனர், 1959ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. மிஸ் பண்ணுது, ஆக்சிலேற்றர் மிதித்தால் இருமுது என்று போன வீடியோவில் சொன்னேன்தானே. உங்களில் பாதிப்பேர் கொயிலை (ஸ்பார்க்குக்கு உயர்ந்த வோல்ட்டேஜ் கொடுப்பது) மாற்று என்றீர்கள், மற்றப் பாதிப்பேர் கொண்டென்சரை (அதே ஸ்பார்க் வேலையில் உதவும் சின்ன உருளை) மாற்று என்றீர்கள். இரண்டையும் மாற்றினேன். காசுதான் போனது.

துப்புக் கிடைத்தது வேறு இடத்தில். இந்தக் காரில் ஸ்ராட்டருக்குத் திறப்பைத் திருப்புவதில்லை, டாஷ்போர்டில் ஒரு குமிழை இழுக்க வேண்டும், பக்கத்திலேயே சோக் குமிழ், குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ண இழுப்பது, அதிலிருந்து ஒரு உலோகக் கேபிள் எஞ்சினுக்குப் போகும். அன்றைக்குக் காலையில் நாலைந்து தரம் ஸ்ராட்டரை இழுத்துவிட்டு பொனற்றைத் திறந்து சோக் கேபிளைத் தொட்டேன், கை வைக்க ஏலாத சூடு! சோக் கேபிளுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இதுதான். எஞ்சினுக்குள் போன கரண்ட் பொடி (காரின் இரும்பு உடம்பு) வழியாகப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும், இந்தத் திரும்பும் வழிதான் ஏர்த், ஆனால் எஞ்சின் இருப்பது றப்பர் மவுண்டின் மேல், அதனால் எஞ்சினையும் பொடியையும் இணைக்க பின்னிய செம்புப் பட்டி ஒன்று போட்டிருப்பார்கள், அதுதான் ஏர்த் ஸ்ட்ராப். என்னுடையது பார்க்க நல்லாத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு (பட்டியின் நுனியில் போல்ட் போகும் வளையம்) கீழே முழுக்கக் கறள், அதன்மேல் யாரோ பெயின்ற் வேறு அடித்திருக்கிறார்கள் (யாரோ என்ன, நான்தான்). ஸ்ராட்டர் இழுக்கிற நூறு அம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் கேபிளால் போயிருக்கிறது.

இதைச் சோதிப்பது லேசு. கியரை நியூற்றலில் விடுங்கள், திறப்பைப் போடாதீர்கள். இந்தக் காரில் திறப்பில்லாமலே ஸ்ராட்டர் சுற்றும், எஞ்சின் பற்றாது. வோல்ட் மீற்றரின் ஒரு முனையை பற்றரியின் ஏர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்துக்கொண்டு யாரையாவது குமிழை இழுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் நின்றால் சரி. எனக்கு 2.3 காட்டியது. இரும்பு மினுங்கும்வரை உரஞ்சி, புதுப் பட்டி போட்டு இறுக்கி, மேலால் வாஸ்லின் பூசின பிறகு 0.2.

ஸ்ராட் உடனே ஆனது, இருமல் மட்டும் போகவில்லை. பிறகு ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். கிட்டக் காட்டுகிறேன் பாருங்கள்: பொயின்ற் (கொயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் சின்ன சுவிட்ச்) இருக்கிற தட்டுக்கும் வெளி உடம்புக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு வயர், அதுவும் ஏர்த்தான். மிதிக்கும்போது வக்கூம் (எஞ்சினின் உறிஞ்சல்) இந்தத் தட்டைத் திருப்பும், அறுபது வருடமாக அந்த வயர் மடிந்து மடிந்து உள்ளே இழையெல்லாம் அறுந்து, வெளித்துணி மட்டும்தான் மிச்சம். மிதிக்காமல் சும்மா ஓடும்போது தட்டு அசையாது, அதனால்தான் ஐட்லிங்கில் பிரச்சினையே இல்லை. மென்மையான பல இழை வயர் ஒன்றைப் பற்றவைத்தேன், பொயின்ற் இடைவெளி 15 தௌ (ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு). ஒரு கொத்து ரொட்டிக் காசுகூட ஆகவில்லை.

இன்னொன்று. மைனருக்கு பொசிற்றிவ்தான் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். பழைய கொயிலில் எஸ்.டபிள்யூ. (திறப்பு சுவிட்ச் பக்கம்), சி.பி. (பொயின்ற் பக்கம்) என்று இருக்கும்: வெள்ளை வயர் முதலாவதுக்கு, கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வயர் சி.பி.யிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு. புதுக் கொயிலில் பிளஸ், மைனஸ் என்றுதான் போட்டிருக்கும். பொசிற்றிவ் ஏர்த்தில் பிளஸ்தான் டிஸ்ரிபியூட்டர் பக்கம் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் ஓடும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் ஸ்பார்க் பலவீனமாகப் பாய்வது உங்களுக்கு உடனே தெரியாது. போன் சார்ஜர் பூட்டப் போகிறவர்களும் கவனம், இந்தக் காரில் பிளஸ், மைனஸ் மாறிப்போகும், நான் ஒன்றைப் புகைத்துவிட்டேன்.

சரி, திறப்பைப் போடுகிறேன், பெற்றோல் பம்ப் டிக் டிக் என்கிறது, கேட்கிறதா? குமிழை இழுக்கிறேன்... மிதிக்கிறேன்... இருமவில்லை. சோக் கேபிள்? பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு.