பாம்பனில் பார்த்த கடல் அட்டையும் எங்கள் பாட்டிலில் இருக்கும் கடல் அட்டையும்

வணக்கம் நண்பர்களே. பின்னால் கடகடவென்று கேட்பது எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மின்விசிறி. அதை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், நிறுத்தாவிட்டால் உங்களுக்கு நான் பேசுவது கேட்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரைப் பாம்பன் குந்துகாலுக்கு அழைத்துப் போனோம். மன்னார் வளைகுடாவைப் பற்றிய விளக்க மையம் அங்கே கடலை ஒட்டியே இருக்கிறது. பிள்ளைகளின் முகம் தெரியும் காட்சிகளை எல்லாம் நீக்கிவிட்டேன். அதனால் திரையில் பெரும்பாலும் கால்களும் தண்ணீரும்தான் வரும். பஸ் ஏறியது, இரண்டு பேர் வாந்தி எடுத்தது, புளியோதரைப் பொட்டலத்தைக் காக்கை தூக்கிப் போனது, இவற்றை எல்லாம் பள்ளிச் சுற்றுலா போன எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மையத்துக்குள் படங்கள், மாதிரிகள், வரைபடங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் அவற்றைச் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டரும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பிள்ளைகள் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதும்போதே கண் ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. நான் அதட்டவில்லை. எனக்கும் அதே நிலைமைதான்.

கடற்பசுவின் படத்தின் முன்னால் மட்டும் கூட்டம் நகரவில்லை. இந்தப் பக்கத்து மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் தின்னும் என்றதும், "மாடு மாதிரியேவா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். மாடு மாதிரியேதான். ஒரு குட்டி போடும், பால் கொடுக்கும், மூச்சு விட மேலே வரும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும்.

பிறகு கரைக்கு இறங்கினோம். நீர் வற்றியிருந்தது. இதோ, இந்தக் காட்சியைப் பாருங்கள். கரை ஒதுங்கிய ஒரு கடற்புல் தாள்தான். குப்பை என்று தாண்டிப் போயிருப்போம். உற்றுப் பார்த்தால் அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுருள், சங்குச்சக்கரம் பற்றவைக்காமல் கிடப்பது போல. ஒவ்வொன்றும் ஒரு புழு கட்டிய வீடு. ஒரே தாளில் ஐம்பத்தேழு வீடுகளை எண்ணிவிட்டார்கள். வகுப்பில் கணக்கென்றால் ஓடுகிற பையன்தான் எண்ணினான்.

பக்கத்தில் சின்னப்பாலம் கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர் கடலிலிருந்து ஏறி வந்தார்கள். பாசி எடுக்கும் பெண்கள். கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப் பை, பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் சுற்றிய துணி. மரிக்கொழுந்துப் பாசியைக் கையில் வைத்துக் காட்டினார்கள். அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள், உணவைக் கட்டியாக உறைய வைக்கும் பொருள். மாதம் முழுக்கப் போக மாட்டோம், பாசி வளர நாள் விட வேண்டும் என்றார் மூத்தவர். பிள்ளைகள் பாசியைப் பார்த்தார்கள். நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை அவிழ்த்ததும் தோல் வெளுத்து ஊறி, கீறல் மேல் கீறலாக இருந்தது.

இனிதான் நான் சொல்ல வந்தது.

முழங்கால் ஆழத்தில், கூட வந்த வழிகாட்டி ஒரு கடல் அட்டையைக் காட்டினார். பெயர்தான் அட்டை, ரத்தம் உறிஞ்சும் அட்டை இல்லை; நட்சத்திர மீனுக்குச் சொந்தம். தொடக் கூடாது, குனிந்து பார்க்கலாம். அவித்த வள்ளிக்கிழங்கைச் சேற்றில் போட்டது போல அசையாமல் கிடந்தது. சற்று நேரம் காலை ஆட்டாமல் நின்றோம். வாயைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் மணலை அள்ளி உள்ளே தள்ள ஆரம்பித்தன. மறுமுனையில், முறுக்கு பிழிவது போல, மணல் திரியாக வெளியே வந்தது. மணலில் இருக்கும் அழுக்கு அதற்கு உணவு, சலித்த மணல் கடலுக்கு மிச்சம். நாற்பத்தொரு பேரும் ஒரு சத்தம் போடவில்லை. நான் ஆசிரியரான நாளிலிருந்து இப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை.

திரும்பும்போது ஒருவனின் சட்டைப்பை புடைத்திருந்தது. உள்ளே உள்ளங்கை அளவு செத்த பவளத் துண்டு, மேலெல்லாம் நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது, உதிர்ந்ததானாலும் சட்டப்படி எடுக்கக் கூடாது என்றேன். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். இந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது நீருக்கடியில். அவன் முகம் வாடிப்போனது. பேசாமல் போய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தான்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். "சார், நம் ஆய்வகத்தில் பாட்டிலில் இருக்கிறதே, அது கடல் அட்டைதானே? அதை யார் எடுத்தது?"

நான்தான். 1997இல் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது இதே பாம்பனுக்கு மாதிரி சேகரிக்க வந்தோம். ஆளுக்கொரு வாளி. பவளம், கடல்குதிரை, நட்சத்திர மீன், கைக்குக் கிடைத்ததெல்லாம் எடுத்தோம். அதற்கு மதிப்பெண் உண்டு. கடல் அட்டையையும் பவளத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது 2001இல்தான். அதனால் அன்று நான் செய்தது குற்றமில்லை. அந்தப் பதிலைத்தான் பையனிடம் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே ஒட்டவில்லை.

கேமராவை அருகில் கொண்டுபோகிறேன். இதுதான் அந்தப் பாட்டில். செத்த உயிர் அழுகாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் மஞ்சளாகிவிட்டது. அட்டை வெளுத்து உப்பிக் கிடக்கிறது. அடியில் நூல் கட்டாகத் தெரிகிறதே, அது அதனுடைய குடல். மிரட்டினால் கடல் அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். கடலில் என்றால் மெல்ல மறுபடி வளர்த்துக்கொள்ளும். ஃபார்மலினில் போட்ட அன்று அது தள்ளியதை நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம், சிரிக்கவும் சிரித்தோம். படித்து முடித்ததும், நான் படித்த இந்தப் பள்ளிக்கே அதைப் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பழைய சீட்டு கிழிந்துவிட்டது. நேற்று பிள்ளைகள் புதிது எழுதி ஒட்டினார்கள். பெயர்: கடல் அட்டை. இடம்: பாம்பன். ஆண்டு: 1997. உணவு: மணலில் உள்ள கழிவு. கடைசியாக 'பிடித்தவர்' என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். பேனாவும் இங்கேயே இருக்கிறது.