பாட்டி உள்ளே விட்டுத் தைத்த துணி

வணக்கம் நண்பர்களே. இன்று புதிதாக எதையும் தைக்கப்போவதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது என் பாட்டி எனக்குத் தைத்துக்கொடுத்த ஒரு பருத்திச் சட்டையின் உட்புறத்தை உங்களுக்குக் காட்டப்போகிறேன். தையல் மீது எனக்கு ஏற்பட்ட பிடிப்பும், பாட்டிக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனும் அங்கேதான் இருக்கின்றன.

வெளியே பார்த்தால் இது சாதாரணச் சட்டைதான். இப்போது திருப்புகிறேன், பாருங்கள். பக்கத் தையலுக்கு அரை அங்குலம் விட்டாலே போதும் என்ற இடத்தில், பாட்டி ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே விட்டிருக்கிறார். கீழ் மடிப்பில் இன்னும் அதிகம். இப்போதைய தையலுக்கு இணையாக வரிசையாக ஊசித் துளைகள் தெரிகின்றன அல்லவா? நான் வளர்ந்தபோது பழைய தையலைப் பிரித்துவிட்ட இடம் அது. மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த பகுதி மட்டும், மற்ற இடங்களைப் போல வெளுக்காமல், வாங்கிய நாளின் நீலத்திலேயே நிற்கிறது. அளவெடுக்கும்போதே அடுத்த ஆண்டு நான் எப்படி இருப்பேன் என்பதையும் அவர் கணக்கில் வைத்திருக்கிறார்.

தையல் மெஷினைத் தொடுவதற்கு முன் கைத்தையலைத்தான் அவர் கற்றுக்கொடுத்தார். முதலில் ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிச் செல்லும் ஓட்டுத்தையல், பிறகு பின்தையல். பின்தையலில் ஊசி ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் இறங்கி முன்னால் ஏறுவதால், அடியில் நூல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தையல் உறுதியாகிறது. மெஷினை மிதிக்கத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று அது எரிச்சலாக இருந்தது என்றாலும், இன்று யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் நானும் அதே வரிசையில்தான் தொடங்குகிறேன்.

இனி மெஷின் தையலுக்கு வருவோம். எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846இல் காப்புரிமை பெற்ற மெஷினில், நூல் கோர்க்கும் கண் ஊசியின் முனைப்பக்கம் இருந்தது. இன்று நம் வீடுகளில் உள்ள மெஷின்களின் ஊசியிலும் அப்படித்தான். ஊசி துணிக்குள் இறங்கி மேலேறத் தொடங்கும்போது மேல்நூல் சிறு வளையமாக விரிகிறது. கீழே உள்ள கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபின் என்ற சிறு உருளையில் சுற்றியிருக்கும் அடிநூலைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இரண்டு நூல்களின் இழுவிசையும் சரியாக இருந்தால், பின்னல் இரண்டு துணிகளுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். பாட்டி தைத்து முடித்ததும் துணியைப் புரட்டி, அடிப்பக்கத் தையலின் மீது விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்காவது தட்டினால், பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பார்.

நன்றியுணர்வை நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. பாட்டி அப்படி எதுவும் எழுதியவர் அல்லர், வாயால் சொன்னதும் குறைவு. ஆனால் பஞ்சை விளைவித்தவர், நூற்றவர், நெய்தவர் என்று பலர் கைபட்டு வந்த துணி என்ற நினைவு அவருக்கு எப்போதும் இருந்தது. பருத்தி சுருங்கும் என்பதால் முதலில் நனைத்துக் காயவைப்பார். சட்டை உடலில் முறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, “இழை பார்த்து வை கண்ணு” என்று சொல்லி, துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சட்டையில் மேலிருந்து கீழாக ஓடும்படி என்னையே துணியை விரிக்கச் செய்வார். வெட்டவேண்டிய பாகங்களையெல்லாம் காகிதத்தில் அடுக்கிப் பார்த்து, வீணாகும் துண்டு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் கத்தரியை எடுப்பார். என்னைக் கேட்டால், நன்றி சொல்வதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

இப்போது என் அக்காள் மகளுக்கு நான் தைக்கும் சட்டைகளிலும் உள்ளே துணி விடுகிறேன். நீங்களும் குழந்தைகளுக்குத் தைப்பவராக இருந்தால், பக்கங்களிலும் கீழ் மடிப்பிலும் தாராளமாக விடுங்கள். கழுத்திலும் கைக்குழியிலும் மட்டும் வேண்டாம். வளைவில் அதிகத் துணி இருந்தால் அது சுருண்டு, போட்டிருப்பவருக்கு உறுத்தும். பழைய தையலைத் துணி கிழியாமல் பிரிப்பது எப்படி என்பதை அடுத்த காணொளியில், இதே சட்டையின் இடப்பக்கத்தில் செய்துகாட்டுகிறேன்.