மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

நேயர்களுக்கு வணக்கம். சீப்பில் சுருள் சுருளாக முடி வந்தால் நாம் முதலில் திட்டுவது தண்ணீரை, அடுத்தது ஷாம்புவை. தோல் மருத்துவரான நான் கேட்பது ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்புக்கு என்ன வந்தது?

ஒரு பெண் வந்தார். கையில் கேரி பேக், அதற்குள் உதிர்ந்த முடி. புது வீட்டு போர் தண்ணீர்தான் காரணம் என்று, கேன் தண்ணீர் வாங்கித் தலைக்குக் குளிக்கிறாராம்! செலவைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால்? "நல்லாத்தான் இருந்தேன் டாக்டர்." கூட வந்த மாமியார் விடவில்லை: "டெங்குன்னு ஆஸ்பத்திரியில கெடந்தியேம்மா!" "அதான் சரியாப் போச்சே அத்தை." காய்ச்சலுக்குத்தான் சரியாகிவிட்டது. முடி தன் பாக்கியை இப்போது வசூலிக்கிறது. ஒரு முடியை எடுத்து அடிநுனியைக் காட்டினார்; வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ். வேரோடு வருகிறதே என்று பயம். வேர் தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது அம்மா, இது வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பாகம் என்றேன்.

தலையில் சுமாராக 1 லட்சம் முடி. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம். கடும் காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட் என்று ஏதாவது வந்தால் நிறைய முடி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டும். கவனியுங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்து! குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்களே பாட்டிமார், அந்தக் கணக்கும் இதேதான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும்.

நிற்கவில்லையா? தைராய்டு, இரும்புச்சத்து பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடுவோம். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகளும் முடியை உதிர்க்கும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வழுக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். நெற்றி ஏறுவதும் வகிடு அகலமாவதும் பரம்பரை வழி, அது தனிக்கதை, மருந்தும் உண்டு. முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு முன்னால் லேபில் சொல்லிவிடுங்கள், ரிசல்ட் தப்பாக வரலாம். வணக்கம்.