கூடம் கோணல்தான்

மேடையில் வீற்றிருக்கும் ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, ஈப்போவில் இன்னொரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு நமக்காக ஓடி வந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மகளிர் பிரிவினரே, பின்னால் மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். டத்தோவுக்கு மாலை போட்டாயிற்று, பொன்னாடை போட்டாயிற்று. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘கலையில் உயிர்ப்பு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஓவியம், நாடகம், ஊர் மூன்றையும் தொட்டுப் பேசலாம் என்று வந்தேன். பார்ப்போம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. மனத்தில் இருப்பது உடம்பில் தெரிய வேண்டும். இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்த குரலை ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள். கேட்டால், ‘மேடை சரியில்லை சார்.’ ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

நான் பையனாக இருந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்துவிடுவார், ரதி புலம்புவாள். ‘எரிந்தான்’ என்று ஒரு கட்சி, ‘எரியவில்லை’ என்று இன்னொரு கட்சி, விடிய விடிய லாவணிப் பாட்டு. எங்கள் ரதி ஒரு பால்வெட்டுக்காரர். அன்றைக்குத்தான் மீசையை எடுத்திருந்தார். அதற்காக அவர் சம்சாரம் மூன்று நாள் பேசவில்லை, அது தனிக்கதை. அன்று காலை பெரட்டுக்கு, அதுதான் ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்தி வந்தார் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் அவருக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டார். ராத்திரி அதே மண்டோர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். திடீரென்று சிவனை விட்டுவிட்டு மண்டோர் பக்கம் திரும்பி, ‘என் மன்னவனை எரித்தாயே, அது போதாதா சாமி, அரைநாள் சம்பளத்தையும் வெட்டினாயே!’ என்று ஒரே ஓலம். கூட்டம் விசில் அடிக்கிறது. சிவனுக்குச் சிரிப்புத் தாங்காமல் சடை கழன்று விழுந்துவிட்டது. மண்டோர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நகை, இளிவரல், வெகுளி எல்லாம் ஒரே முகத்தில். மறுநாள் பெரட்டில் ஒரு வார்த்தை பேசாமல் முழு நாளாகத் திருத்தி எழுதினார்.

அந்த மேடை அப்போதே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ரதி ஒருநாளும் கூடம் கோணல் என்று சொன்னதில்லை.

அதே மேடை இன்றைக்கும் கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது. கித்தா, அதுதான் ரப்பர், போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனங்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள், மேடை மட்டும் எங்கேயும் போகவில்லை. அதை இடித்துக் கார் நிறுத்த இடம் போடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. டத்தோ முன்னாலேயே சொல்கிறேன், வேண்டாம். தம்பிகளைத் திட்டியது வாஸ்தவம். ஆனால் போன வாரம் போய்ப் பார்த்தேன். இரண்டு தூணைக் கறையான் தின்றிருக்கிறது, கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டது. சரி, இந்த ஒரு தடவை ஆடத் தெரியாதவள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கூடம் கோணல்தான்.

இது துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த சுங்கை சிப்புட். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்வெட்டும் கைகளிடம் காசு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியவர். தோட்டம் வாங்கிய ஜனம், இருபது தகரம் வாங்க மாட்டோமா?

ஓவியத்துக்கு நேரமில்லை, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் கோப்பி மேசை மேல் ஒரு சிவப்பு நோட்டு இருக்கிறது. பெயரையும் எத்தனை தகரம் என்பதையும் எழுதிவிட்டு அப்புறம் கோப்பி குடியுங்கள். டத்தோ, முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.